பஞ்சுக் கைக்காரர்

எங்கள் வீட்டுக்காரரின் சலூனுக்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "பஞ்சுக் கைக்காரர் கடை எங்கே?" என்றுதான் வழி கேட்பார்கள். இவர் மழிக்கும்போது கன்னத்தில் கத்தி படுகிறதா, காற்றுப் படுகிறதா என்று தெரியாதாம். நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுகிற ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவர் உண்டு. வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத தலை. அவர் தூங்குவதற்காகவே வருகிறார் என்பது என் எண்ணம்.

அந்தக் கை ஒரே நாளில் வந்துவிடவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் பலூனை ஊதி, அதன்மேல் சோப்பு நுரையைத் தடவி, கத்தியால் வழித்துப் பழகினாராம். பலூன் வெடிக்கக்கூடாது, நுரையும் மிச்சம் இருக்கக்கூடாது. முதல் மாதம் வெடித்த வெடியில், உள்ளே தினமும் யாருக்கோ பிறந்தநாள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆறாவது மாதம் ஒன்றுகூட வெடிக்கவில்லை. இந்தப் பலூன் கதையை நான் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் பலூன் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

நான் நேரெதிர். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்கக் கனமான பெட்டியை அழுத்தி அழுத்தி என் கை உரமேறிப் போயிருக்கிறது. தோளில் தட்டிக் கூப்பிட்டால்கூட, "கையா இது, உலக்கையா?" என்று துள்ளுவார். கோபம் வந்தால் இரண்டு நாள் வாயைத் திறக்க மாட்டேன் என்பதால் "அழுத்தக்காரி" என்று வேறு ஒரு பட்டம். இரண்டுமே பொருத்தம்தான், நான் மறுக்கவில்லை.

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. வீட்டில் அவள் பெயர் சில்வண்டு. ஏன் என்பதைப் பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொள்ளலாம். சட்டைக் கழுத்தில் லேபிள் உரசினால் கத்துவாள். சாக்ஸின் தையல் விரலில் பட்டால் கத்துவாள். பள்ளியில் வரிசையில் நிற்கும்போது பின்னால் இருக்கிற பிள்ளை லேசாக உரசிவிட்டால் போதும், திரும்பி ஒரு தள்ளு. பென்சில் பிடித்தால் இரண்டு வரிக்குள் கை சோர்ந்துவிடும். "செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்று எங்களிடம் சொல்லாத ஆள் பாக்கியில்லை. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். செல்லம் கொடுக்க அவள் கிட்டே வந்தால்தானே!

தலைதான் பெரிய போர்க்களம். ஞாயிற்றுக்கிழமை நான் பிடித்து வைத்து என் முரட்டுக் கையால் தேய்த்துக் குளிப்பாட்டினால் எப்படியோ பொறுத்துக்கொள்வாள். அப்பா கை பட்டால் மட்டும் வீடு இரண்டாகும். இவரோ தன் தொழில் திறமை முழுவதையும் விரல் நுனியில் திரட்டிக்கொண்டு, பூவைத் தொடுவதுபோல்தான் தொடுவார். அவள் தேள் கொட்டியதுபோல் அலறுவாள். சீப்புப் போகாத பிடரி முடி சிக்குப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டியாகிவிட்டது. ஒருநாள் பொறுமையிழந்து, துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். அவள் திரும்பிய வேகத்தில் காது மடலில் ஒரு கீறல். ஒரு சொட்டு ரத்தம்தான். ஆனால் அன்றிலிருந்து கத்தரிக்கோல் கண்ணில் பட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

சிக்குக்கு அடியில் புண் வந்தது. தோல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், அதுவும் நான் அவளை இறுக்கிப் பிடித்திருந்ததால் முடிந்தது.

"இந்த முடியை எடுத்தே ஆகணும். இல்லன்னா புண் ஆறாது. ஆறு வாரம் பாருங்க. அதுக்குள்ள முடியலன்னா ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்து மொட்டை அடிச்சிடலாம். நான் இப்பவே தேதி வாங்கி வெச்சிடறேன்" என்றார். கூடவே ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். ஆக்குபேஷனல் தெரபிக்குப் போகச் சொல்லி.

பஸ்ஸில் இவர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆக்குபேஷன்னா தொழில்தானே? அஞ்சு வயசுல இவளுக்கு என்ன தொழில்?" என்றார். நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "ஊர்ல உள்ளவன் தலையெல்லாம் என் கையில. என் பொண்ணு தலையை எவனோ மயக்கம் போட்டு வழிக்கணும். அவளுக்கு என்னைப் பிடிக்கலம்மா, அவ்வளவுதான்" என்றார்.

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

தெரபி நடந்த இடம் ஒரு மாடி. உள்ளே நுழைந்தால் ஆஸ்பத்திரி என்றே தோன்றாது. தரை முழுக்கத் தடித்த ரப்பர் விரிப்பு. கூரையிலிருந்து தொங்கும் துணி ஊஞ்சல். காய்ந்த பயறு நிரப்பிய ஒரு தொட்டி, அதற்குள் புதைந்த பொம்மைகள். சுவரோரம் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பந்து. தெரபிஸ்ட் குள்ளமான பெண், குரல் மட்டும் பெரியது. நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வருகிறவர்களும் தரையில்தான் உட்கார வேண்டும்.

முதல் நாள் ஒரு மணி நேரம் கேள்விதான் கேட்டார். மணலில் நடப்பாளா? எதைக் கடித்து மெல்லப் பிடிக்கும்? எந்தப் பக்கமாகப் படுப்பாள்? சில்வண்டு அதற்குள் மூலையில் கிடந்த மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டு, மெத்தையைத் தன் பக்கமாக இழுத்து அழுத்திக்கொண்டாள். "வெளிய வாடி" என்று நான் எழுந்தேன்.

"இருங்கம்மா, விடுங்க. தனக்கு என்ன வேணும்னு அவளே சொல்லிட்டு இருக்கா" என்றார் தெரபிஸ்ட்.

பிறகு சொன்னார். "இது அடம் இல்ல. ரேடியோவில சத்தத்தை முழுசா கூட்டி வெச்சிட்டா எப்படி இருக்கும்? லேசா தொடுறது அவ உடம்புக்கு அப்படித்தான் கேக்குது. நல்லா அழுத்திப் பிடிச்சா அந்தச் சத்தம் அடங்கும். எல்லாக் குழந்தையும் இப்படி இல்ல, இவ இப்படி. குழந்தைக்கு விளையாட்டுதான் தொழில். அந்தத் தொழிலை இங்க நாம ஒழுங்கா பார்ப்போம்."

அடம் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. படி இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வாரம் மூன்று நாள் போனோம். மெத்தையில் படுக்க வைத்துப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருட்டுவார். சில்வண்டு கத்துவாள், ஆனால் இது வேறு கத்தல். "இன்னொரு தடவை!" என்று முடிகிற கத்தல். தெரபிஸ்ட்டுக்கு அவளே வைத்த பெயர்தான் உருட்டு டீச்சர். வீட்டுப்பாடமும் உண்டு. ஈரத்துணி நிறைந்த கூடையை மொட்டை மாடியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சுவரைப் பிடித்துத் தள்ள வேண்டும். களிமண்ணைப் பாம்பாக உருட்டிக் குட்டிக் கத்தரிக்கோலால் துண்டு போட வேண்டும். கத்தரிக்கோல் என்றதும் முதலில் கட்டிலுக்கு அடியில் ஓடியவள்தான். "வெட்டுற கை உன்னோடதுதான், வேற யாரும் தொட மாட்டாங்க" என்று டீச்சர் கத்தரிக்கோலைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அவளே எடுத்தாள். இரண்டாவது வாரம் எங்கள் வீட்டில் வெட்டுப்படாத களிமண் பாம்பு ஒன்றும் மிச்சமில்லை, மின்சார பில்லும் மிச்சமில்லை.

இவர் மட்டும் வரவில்லை. "கடையை விட்டுட்டு எப்படி வர்றது?" என்பார். நான் நடந்ததைச் சொன்னால், "உருட்டு டீச்சர்தானே, பேருக்கேத்த மாதிரி நல்லா உருட்டுறாங்க" என்று நக்கல் வேறு. அழுத்திப் பிடித்தால் பிள்ளை அமைதியாகும் என்பதை இவரால் நம்பவே முடியவில்லை. இருபது வருடமாக மனிதர் கற்று வைத்திருந்த பாடத்துக்கு அது நேர் விரோதம். நானும் விடவில்லை. பேசாமல் இருந்தே மூன்றாவது வாரம் இழுத்துக்கொண்டு போனேன்.

டீச்சர் இவரைத் தரையில் உட்கார வைத்தார். "நீங்க எப்பவும் எப்படித் தொடுவீங்களோ அப்படியே தொடுங்கப்பா" என்றார். இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார், தொண்டையைச் செருமிக்கொண்டார், பரீட்சைக்கு வந்த பிள்ளைதான். பிறகு நான்கு விரல் நுனியால் மகளின் உச்சந்தலையை வருடினார். இவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாக யாரையும் தொட்டிருக்க மாட்டார். சில்வண்டு போட்ட கூச்சலில் பக்கத்து அறைக் குழந்தையும் சேர்ந்து அழுதது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்று இவர் கையை இழுத்துக்கொண்டார். முகம் தொங்கிப்போனது.

டீச்சர் தன் துப்பட்டாவிலிருந்து ஒரு நூலை உருவினார். இவருக்குப் பின்னால் போய், கழுத்தில் அந்த நூலை மெல்ல இழுத்தார். இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது, பூச்சி என்று நினைத்துப் பட்டென்று பிடரியில் அடித்துக்கொண்டார்.

"உங்க விரல் அவளுக்கு அந்த நூல்தான். உங்க கை ரொம்ப லேசுப்பா."

"எல்லாரும் அதைத்தானே மேடம் பாராட்டறாங்க?" என்றார் இவர், குழந்தைபோல்.

"அவங்க பெரியவங்க. இவளுக்கு வேணும்கிற கை இதோ இருக்கு" என்று டீச்சர் என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

பத்து வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி அது. உலக்கை என்று பெயர் வாங்கிய கை! சிரிப்பை அடக்க என்னால் முடியவில்லை. இவர் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அசடு வழிந்தது. ஆனால் அந்த அசட்டுக்குப் பின்னால் ஒரு வெளிச்சமும் வந்ததை நான் கவனித்தேன். கோளாறு கையில்தான், மகளின் மனதில் இல்லை என்று அந்த நிமிடம்தான் இவருக்குப் புரிந்தது. கையை மாற்றிக்கொள்ள முடியும் அல்லவா?

அதற்கப்புறம் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. எடை பார்க்கும் இயந்திரத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி அழுத்தி முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். "இது போதுமா? இன்னும் வேணுமா?" என்று என்னைக் கேட்பார். தலையணை, சோபா, சமையலறைக் கதவு, எதையும் விடவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கச் சொல்லித்தந்தேன். இரண்டு காலரைப் பொசுக்கினார். பழக்க தோஷத்தில் ஒருநாள் கடையில் போஸ்ட்மேன் தலையையும் அப்படியே இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிவிட்டார். குறட்டையிலிருந்து அலறி எழுந்தவர், "என்னப்பா, தலையைக் கழட்டி எடுத்துட்டுப் போகப் போறியா?" என்று கேட்டாராம். மறு வாரம் வந்து, "அன்னைக்கு அமுக்கினியே, அதை இன்னொரு தடவை செய்" என்றாராம்.

நான்காவது வாரம் சில்வண்டு அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தலையைக் கொடுத்து, பத்து எண்ணும்வரை நின்றாள். எண்ணியது அவள். எட்டுக்கு அப்புறம் வேண்டுமென்றே மெதுவாக எண்ணினாள்.

ஐந்தாவது வாரம் தெரபி அறையிலேயே முடி வெட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அவள் மடியில் பயறு நிரப்பிய கனமான பை. அப்பா தலையை அழுத்தினார், பத்து எண்ணினார்கள். கத்தரிக்கோல் ஒரு தடவை கிளிக் என்றது. பிள்ளை அசையவில்லை. ஒரு சின்னக் கற்றை கழுத்தில் விழுந்தது.

அப்போது இவருடைய இடது கை, இவரைக் கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துவிட்டது. கழுத்து முடியைத் தட்டிவிடுகிற பிரஷ், பூனை வால் மாதிரி இருக்கும். முடி விழுந்தால் தட்ட வேண்டும், இருபது வருடப் பழக்கம். சரக்கென்று பிடரியில் ஒரு வீச்சு.

அந்தக் கூச்சலை நான் வர்ணிக்கப் போவதில்லை. சில்வண்டு பெரிய பந்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று அப்பாவைக் கிட்டேயே விடவில்லை. இவர் அந்தப் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றார். "கெடுத்துட்டேன். இவ்வளவு நாள் செஞ்சதை எல்லாம் ஒரு நொடியில கெடுத்துட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட மனசு வரவில்லை. ஆஸ்பத்திரித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

"கெட்டுப்போகல. பயந்திருக்கா. பயம் போகணும்னா, இனிமே என்ன நடக்கப்போகுதுன்னு அவ கையில இருக்கணும். உங்க கையில இல்ல" என்றார் டீச்சர். "முதல்ல அவ உங்களுக்கு முடி வெட்டட்டும்."

"எனக்கா?" என்று இவர் தன்னையறியாமல் தலையைத் தடவினார். சொல்ல மறந்துவிட்டேன், எங்கள் வீட்டுக்காரர் முடியழகர். கடைக்கு அதுதான் விளம்பரம்.

மறு வாரம் செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை. ஆஸ்பத்திரித் தேதி அந்த வியாழக்கிழமை. கண்ணாடிக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பிரஷ்களையும் பவுடர் டப்பாவையும் என் பையில் போட்டுப் பூட்டினேன். டீச்சரும் வந்து கடைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நாற்காலியில் இவர். மேலே துணி போர்த்தி, கிளிப் மாட்டி, பின்னால் ஒரு ஸ்டூலில் சில்வண்டு, கையில் களிமண் வெட்டுகிற குட்டிக் கத்தரிக்கோல்.

"அப்பா, ஆடக்கூடாது" என்றாள்.

"ஆட மாட்டேன்."

"வலிச்சா நிறுத்துன்னு சொல்லு. நான் நிறுத்திடுவேன்."

முதல் வெட்டில் நெற்றிக்கு மேலே ஒரு கொத்துப் போனது. இரண்டாவதில் காதுக்கு மேலே. நாக்கைத் துருத்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு வரி எழுதினால் சோர்ந்துபோகிற அதே கையால் அரைமணி நேரம் வெட்டினாள். இவர் ஒருதடவை "நிறுத்து" என்றார். உடனே நிறுத்திவிட்டு, மிகுந்த அக்கறையோடு தலையை இரண்டு கையாலும் அழுத்தி, "பத்து எண்ணட்டுமா?" என்று கேட்டாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பொத்திக்கொள்ளக்கூட இல்லை. கண்ணாடியில் இவர் தலையைப் பார்த்தால், ஆடு மேய்ந்த தோட்டம்.

வேலை முடிந்ததும் சில்வண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கண்ணாடியில் அப்பாவையும் தன்னையும் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமல், "இப்ப என் முறை" என்று அந்தப் பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

இவர் கத்தரிக்கோலைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பலூன் காலத்தில்கூட அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்க மாட்டார். தலையை அழுத்தினார். அவள் எண்ணினாள். ஒரு வெட்டு. மறுபடி அழுத்தல். ஒரு வெட்டு. மூன்று தடவை "நிறுத்து" என்றாள், மூன்று தடவையும் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. கழுத்தில் விழுந்த முடியை ஈரத் துண்டால் அழுத்தி ஒற்றி எடுத்தார். அந்தச் சிக்குக் கட்டி கடைசியில் முழுசாக அறுந்து தரையில் தொப்பென்று விழுந்தது. அவள் குனிந்து பார்த்து, "அப்பாடா, கழுத்துல உட்கார்ந்திருந்த பூனை இறங்கிடுச்சு" என்றாள்.

டீச்சர் கைதட்டினார். நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தேதி வேண்டாம் என்று சொல்லும்போதும் அழுதுகொண்டேதான் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் கடை பாதி திறந்திருக்கும். சில்வண்டைப் போன்ற பிள்ளைகளை டீச்சர் அனுப்புவார். ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் பாதித் தலையோடு எழுந்து போவார்கள், மறு வாரம் மீதி. இவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சில்வண்டு இப்போது முழுப் பக்கம் எழுதுகிறாள், லேபிள் விஷயத்தில் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நான் எல்லாச் சட்டையிலும் வெட்டி எடுத்துவிடுகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமைக் காலையைப் பற்றி. முடி வெட்டிய மறுநாள். இவர் ஆடு மேய்ந்த தலையோடு, கடைக்குக் கிளம்புமுன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சில்வண்டு எழுந்து, பல்கூடத் துலக்காமல் நேராக அவரிடம் போனாள். அதுவரை அவள் தானாகப் போய் அப்பாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பேப்பரை ஒதுக்கினாள். இவருடைய வலது கையை இரண்டு கையாலும் தூக்கி, தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

இவர் அசையவே இல்லை.

"சும்மா வெச்சா எப்படிப்பா? அழுத்து" என்றாள்.